உப்பை அண்டாவில் போடுங்கள்: வேர்டு ஸ்டைல் எப்படி இயங்குகிறது?

கல்யாண மண்டபத்தில் சாம்பாருக்கு உப்புக் குறைந்துவிட்டால் மாஸ்டர் என்ன செய்வார்? அண்டாவில் ஒரு கை அள்ளிப் போட்டுக் கிளறிவிடுவார். பந்தியில் உட்கார்ந்திருக்கும் முந்நூறு இலைக்கும் ஆள் அனுப்பி ஆளுக்கொரு சிட்டிகை தூவச் சொல்ல மாட்டார். ஆய்வேட்டை வேர்டில் அடிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் செய்வது அந்த இரண்டாவது வேலையைத்தான். ஒவ்வொரு தலைப்பாகப் பிடித்து, போல்டு ஆக்கி, அளவை 16க்குக் கொண்டுபோய், நடுவில் நிறுத்துகிறார்கள். நெறியாளர் பார்த்துவிட்டு, “தலைப்பெல்லாம் 14 போதுமேப்பா” என்பார். உடனே இருநூறு பக்கமும் இலை இலையாக மறுபடி சுற்ற வேண்டும். மூன்று இலை விட்டுப்போகும். வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர் கண்ணில் சரியாக அந்த மூன்றும்தான் விழும்.

வேர்டில் அண்டா எங்கே இருக்கிறது? ஹோம் பட்டையில் ‘நார்மல்’, ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ என்று வரிசையாகக் கட்டங்கள் தெரிகின்றன அல்லவா, அவைதான். ஸ்டைல் என்று பெயர் வைத்துவிட்டதால் ஏதோ அலங்காரச் சமாச்சாரம் என்று நினைத்துப் பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

உள்ளே நடப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். உங்கள் வேர்டு கோப்புக்கு ஒரு நகல் எடுங்கள். பெயரின் கடைசியில் உள்ள ‘டாக்எக்ஸ்’ என்பதை அழித்துவிட்டு ‘ஸிப்’ என்று மாற்றித் திறங்கள். 2007ஆம் ஆண்டு ஆபீஸிலிருந்து வேர்டு கோப்பு என்பது உண்மையில் ஒரு ஸிப் பொட்டலம்தான். அதற்குள் ‘வேர்டு’ என்றொரு ஃபோல்டர் இருக்கும். நீங்கள் அடித்த எழுத்தெல்லாம் அதில் ‘டாகுமென்ட்’ என்ற கோப்பில் கிடக்கும், அது பந்தி. பக்கத்திலேயே ‘ஸ்டைல்ஸ்’ என்று இன்னொரு கோப்பு, அது சமையலறை. முறையாக ஸ்டைல் கொடுத்த தலைப்பைப் பந்தியில் தேடிப் பாருங்கள். “இது ஹெடிங் 1” என்ற ஒரு சீட்டு மட்டும் அதன்மேல் ஒட்டியிருக்கும். எழுத்தளவு, தடிமன், நிறம் எதுவும் அங்கே இருக்காது. அதெல்லாம் சமையலறைக் கோப்பில் ஒரே ஒரு இடத்தில் எழுதியிருக்கும். அங்கே 32 என்று கண்டால் திகைக்க வேண்டாம், வேர்டு அரைப் புள்ளிக் கணக்கில் அளக்கும். 32 என்றால் 16. கையால் அழகுபடுத்திய தலைப்பிலோ அந்த 32 தலைப்புக்குத் தலைப்பு தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

அண்டாவில் எவ்வளவு போட்டாலும் இலையில் தூவியதைத்தான் நாக்கு முதலில் உணரும். வேர்டும் அப்படித்தான். கையால் மாற்றிய அளவு ஸ்டைலில் உள்ள அளவை அமுக்கிவிடும். “ஸ்டைலை மாற்றினேன், இந்தத் தலைப்பு மட்டும் அசையமாட்டேன் என்கிறது” என்று புலம்புகிறவர்களின் கோப்பில் நடப்பது இதுதான். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஸ்பேஸ் அழுத்தினால் எழுத்தின்மேல் தூவியது போகும். கன்ட்ரோல்+க்யூ அழுத்தினால் பத்தியின்மேல் தூவியது போகும். பிறகு கன்ட்ரோல்+ஆல்ட்+1 அடித்தால் ஹெடிங் 1.

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தச் சமையலறையில் ஆங்கிலத்துக்கு ஓர் அண்டா, தமிழுக்கு வேறோர் அண்டா. தமிழ், அரபி போன்றவற்றை வேர்டு ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்று தனியே பிரித்து, எழுத்துரு, அளவு, தடிமன் மூன்றையும் தனிக் கணக்கில் வைத்திருக்கிறது. ஸ்டைலில் 14 என்று மாற்றியும் ஆங்கில எழுத்து மட்டும் சுருங்கித் தமிழ் அப்படியே நின்றால், உப்பு அடுத்த அண்டாவில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்டைலின்மேல் வலது சொடுக்கு, ‘மாடிஃபை’, ‘ஃபார்மட்’, ‘ஃபான்ட்’ என்று போங்கள்; அங்கே காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்டுக்கென்று தனிப் பகுதி இருக்கும். லிப்ரே ஆபீஸில் இதற்கு ‘சிடிஎல்’ என்று பெயர்.

பாமினி எழுத்துருவில் அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. காரணம் பெருமைப்படக்கூடியதல்ல; கணினியைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தாலும் கோப்புக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். நாளைக்கு உங்கள் ஆய்வேட்டில் ‘அம்மா’ என்று யாராவது தேடினால் கிடைக்காது. யுனிகோடில் அடித்துவிட்டு இரண்டு அண்டாவைச் சமாளிப்பதே மேல்.

இனி பொருளடக்கம். மாஸ்டர் மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக ருசி பார்த்துப் பட்டியல் போடுவதில்லை, பாத்திரத்தின்மேல் ஒட்டிய சீட்டைப் படித்துக்கொண்டே போகிறார். ‘ரெஃபரன்சஸ்’ பட்டையில் உள்ள ‘டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்’ செய்வதும் அதுதான். ஹெடிங் 1, 2, 3 என்ற சீட்டுகளைப் பொறுக்கி, எந்தப் பக்கம் என்று எழுதிக்கொள்ளும். எழுத்து எவ்வளவு பெரிதாக, எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் சீட்டு இல்லாவிட்டால் அதற்குக் கண் தெரியாது. காலையில் எழுதிய பட்டியல் தானாக மாறாது என்பதும் நினைவிருக்கட்டும். நடுவில் நான்கு பக்கம் சேர்த்தால் பொருளடக்கத்தின்மேல் சொடுக்கி எஃப்9 அழுத்த வேண்டும். தலைப்பைக் கண்டபடி வெட்டி ஒட்டியிருந்தால் பக்க எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘எரர்! புக்மார்க் நாட் டிஃபைண்ட்’ என்று வரும். அதை அப்படியே அச்சடித்து பைண்டிங் செய்த ஆய்வேடுகள் நூலக அலமாரிகளில் உண்டு. எனவே எஃப்9 பிரின்ட்டுக்கு முன்னால்.

முன்னுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண், முதல் இயலிலிருந்து 1 என்பதற்கு ‘செக்‌ஷன் பிரேக்’ போட்டு, ‘லிங்க் டு பிரீவியஸ்’ஸை அணைத்துவிட்டு, ‘ஃபார்மட் பேஜ் நம்பர்ஸ்’இல் இரு பகுதிக்கும் எண் வடிவத்தைக் கொடுத்து, இரண்டாவதை 1இலிருந்து தொடங்கச் சொன்னால் போதும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

துணைநூற்பட்டியலுக்கும் தனி அண்டா இருக்கிறது. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளிவந்த ஸோட்டெரோ என்ற மென்பொருள் அது, இலவசம். நூலின் விவரத்தை ஒருமுறை சேர்த்துவிட்டால் வேர்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் சுட்டலாம். எம்எல்ஏ மேற்கோள் முறையிலிருந்து ஏபிஏ முறைக்கு மாற்றச் சொன்னால் ஒரு சொடுக்கு. ஆனால் பட்டியலில் ஒரு எழுத்துப்பிழை கண்டால் வேர்டில் திருத்தாதீர்கள். அடுத்த தடவை புதுப்பித்ததும் பழைய பிழை திரும்பி வந்து உட்காரும். ஸோட்டெரோவில் திருத்துங்கள்.

டிடிபி சென்டரில் கொடுத்து அடிப்பவர்களுக்கு ஒரு யோசனை. கோப்பை வாங்கும்போது ‘வியூ’ பட்டையில் ‘நேவிகேஷன் பேன்’ என்பதை டிக் செய்து பாருங்கள். இடப்பக்கம் இயல் தலைப்புகள் வரிசையாக வந்து நின்றால் பணத்தைக் கொடுக்கலாம். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால், “தலைப்புக்கெல்லாம் ஹெடிங் ஸ்டைல் போட்டுக் கொடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, மீதிப் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.