வெயிலும் மின்கம்பியும்

கோடையில் மின்தேவை உச்சத்தைத் தொடுவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. அதே நாள்களில் மின்கம்பிகளில் வீணாகும் மின்சாரமும் அதிகரிக்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

உலோகக் கம்பியில் எலெக்ட்ரான்கள் நகர்வதே மின்னோட்டம். வெப்பம் கூடும்போது உலோகத்தின் அணுக்கள் தத்தம் இடத்திலேயே வேகமாக அதிர்கின்றன. அதனால் எலெக்ட்ரான்கள் அடிக்கடி சிதறடிக்கப்படுகின்றன, மின்தடை உயர்கிறது. செம்பு, அலுமினியம் இரண்டிலும் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் மின்தடை கூடும். 25 டிகிரியில் இருந்த கம்பி 75 டிகிரிக்குச் சூடேறினால் மின்தடை சுமார் 20 சதவீதம் உயர்ந்துவிடும்.

கம்பியைச் சூடாக்குவது வெயில் மட்டுமன்று, அதில் பாயும் மின்னோட்டமும்தான். இவ்வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்பதை 1841-இல் ஜேம்ஸ் ஜூல் வெளியிட்டார். மின்னோட்டம் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். மின்தடையும் 20 சதவீதம் கூடியிருந்தால், இழப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கை எட்டும். இழப்பு வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பம் மின்தடையை மேலும் உயர்த்துகிறது.

பொருளியல் ஆசிரியனாகப் பணியாற்றிய நான், சராசரிச் செலவு வேறு, இறுதிநிலைச் செலவு வேறு என்று வகுப்பில் வலியுறுத்துவதுண்டு. மின்கம்பி அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உச்ச நேரத்தில் கூடுதலாகப் பயன்படுத்தும் ஒரு யூனிட், மற்ற நேரத்து யூனிட்டைவிட அதிக இழப்பை உண்டாக்குகிறது. ஆனால், எந்நேரத்துக்கும் ஒரே கட்டணம் என்றால், அந்த இழப்பு எல்லோர் மீதும் பரவலாகச் சுமத்தப்படுகிறது. ஒரே மின்விசிறியுடன் இரவைக் கழிக்கும் குடும்பமும், பல குளிர்சாதனங்கள் இயங்கும் வீட்டால் நேரும் இழப்பில் ஒரு பங்கை, கட்டணமாகவோ வரிப்பணமாகவோ, சுமக்கிறது.

2023-இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மின்நுகர்வோர் உரிமை விதிகள் நேரத்துக்கேற்ற கட்டணத்தை வலியுறுத்துகின்றன. சிறு நுகர்வோரைப் பாதிக்காமல் இதைச் செயல்படுத்துவது நியாயமே. எனினும், கட்டணம் மட்டும் போதாது. சுமை மிகுந்த பகுதிகளில் தடித்த கம்பிகளை அமைக்க வேண்டும். குடியிருப்புகளுக்கு அருகில் கூடுதல் மின்மாற்றிகளை நிறுவி, தாழ்வழுத்தக் கம்பிகளின் நீளத்தைக் குறைக்க வேண்டும்.

நாமும் தண்ணீர் மோட்டாரையும் சலவை இயந்திரத்தையும் உச்ச நேரத்தில் இயக்குவதைத் தவிர்க்கலாம். மின்னோட்டத்தில் குறையும் ஒரு பங்கு, இழப்பில் ஏறத்தாழ இரு பங்காகக் குறையும். செலவின்றிக் கிடைக்கும் இந்தச் சேமிப்பை நாம் இழக்கலாகாது.