நெல்லைச் சுதேசி மேடைப்பேச்சு (1908)

நெல்லைச் சுதேசி மேடைப்பேச்சு என்பது 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் ஆற்றிய அரசியல் சொற்பொழிவுகளைக் குறிக்கும். ஓர் அரசியல் கொள்கை பொதுமக்களின் மொழிக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதற்கு இவை நல்ல சான்றாகும்.

பின்னணி

அதுவரை காங்கிரஸ் அரசியல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தது. படித்தவர்கள் தீர்மானம் நிறைவேற்றினர். அரசுக்கு மனு அனுப்பினர். 1905இல் வங்கம் பிரிக்கப்பட்டபின் எழுந்த சுதேசி இயக்கத்திற்கு இது போதவில்லை. அயல்நாட்டுத் துணியை மறுக்க வேண்டியவர்கள் கடைத்தெருவில் இருந்தனர். அவர்களிடம் தமிழில்தான் பேச முடியும்.

வாத முறை

இப்பேச்சுகளில் மூன்று கூறுகளைக் காணலாம்.

அனுபவத்திலிருந்து கொள்கைக்குச் செல்லுதல்: 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை வீழ்த்த ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். கட்டணமும் கூலியும் கேட்பவர்களுக்குத் தெரிந்த செய்திகள். அவற்றிலிருந்து ‘ஆட்சி யாருடையது?’ என்ற கேள்விக்குப் பேச்சு நகர்ந்தது.

சமயச் சொற்கள்: துறவியைப் போல ஊர் ஊராகச் சென்று பேசியவர் சிவா. நாட்டு விடுதலையை அவர் சமய மொழியில் விளக்கினார். புதிய கருத்துக்குப் பழகிய சொல் துணை நின்றது.

முழக்கங்கள்: ‘வந்தே மாதரம்’, ‘சுயராச்சியம்’ ஆகியவை நீண்ட வாதத்தைச் சுருக்கித் தெருவுக்குக் கொண்டு சென்றன.

விளைவுகள்

பிபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடிய கூட்டங்களுக்குப்பின், மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.

அரச நிந்தனை வழக்கில் பேச்சே குற்றமாயிற்று. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே, சிவாவுக்குப் பத்தாண்டும் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையாக நாற்பதாண்டும் நாடுகடத்தல் விதித்தார். இரட்டை ஆயுளில் ஒன்று சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் பின்னர் இத்தண்டனைகளைக் குறைத்தது.

வாசிக்கும் முறை

இப்பேச்சுகளை அறிய முக்கியச் சான்றாக உள்ளவை, நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட காவல்துறைக் குறிப்புகளாகும். அவை குற்றத்தை மெய்ப்பிக்கும் நோக்குடன் எடுக்கப்பட்டவை. எனவே பேசியவரின் வாதத்தோடு, குறித்தவரின் நோக்கத்தையும் மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். கூட்டத்தினர் எதைக் கேட்டுச் சிரித்தனர், எதற்கு மௌனமாயினர் என்பவை அக்குறிப்புகளில் எளிதில் அகப்படுவதில்லை.