மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்

மலத்தோடு ரத்தம் வந்தால் நம்மில் பலர் டாக்டரிடம் போவதற்கு முன்பே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறோம்: மூலம். உடம்புச் சூடு என்று மோரும் வெந்தயமும் சாப்பிடுகிறோம், காரத்தைக் குறைக்கிறோம். அதற்கும் அடங்காவிட்டால் சுவரொட்டியில் பார்த்த 'மூலம், பவுத்திரம்' வைத்தியரைத் தேடிப் போகிறோம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும். ஆனால் பெருங்குடல் புற்றுநோயிலும் இப்படித்தான் ரத்தம் வரும். இரண்டையும் வீட்டில் இருந்தபடி பிரித்தறிய முடியாது. மூலம் உள்ளவருக்குப் புற்றுநோயும் சேர்ந்து இருக்கலாம்.

2022இல் உலகம் முழுக்கச் சுமார் 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். புற்றுநோய் மரணங்களில் நுரையீரலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மேலைநாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இது குறைவு. ஆனால் இங்கே பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். வருவதற்கு முன்பே தடுக்கக்கூடிய சில புற்றுநோய்களில் இதுவும் ஒன்று என்பதால், இந்தத் தாமதம் பெரிய இழப்பு.

எப்படித் தொடங்குகிறது?

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். வயிற்றின் வலப்பக்கம் கீழே தொடங்கி, மேலேறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்கி மலக்குடலில் முடிகிறது. இதன் உள்சுவரில் சிலருக்கு மரு போன்ற சிறு வளர்ச்சிகள் தோன்றும். டாக்டர்கள் அவற்றைப் 'பாலிப்' என்பார்கள். பெரும்பாலான பாலிப்புகள் எந்தத் தொந்தரவும் தராமல் அப்படியே இருக்கும். ஒரு சில மட்டும் மெல்ல வளர்ந்து புற்றாக மாறும். அதற்குப் பொதுவாகப் 10 ஆண்டுகள் வரை ஆகும்.

அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. பாலிப்பாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால், அதிலிருந்து புற்றுநோய் வர வழியில்லை. ஆனால் பாலிப் வலிக்காது, பசியைக் கெடுக்காது. அதனால்தான் உடம்பில் எந்தக் குறையும் தெரியாதபோதே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்கிரீனிங் என்பது அதுதான்.

நோய் குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 10 பேருக்கு 9 பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள் என்கின்றன அமெரிக்கக் கணக்குகள். கல்லீரல், நுரையீரல் என்று பரவிய பிறகு கண்டுபிடித்தால் 10 பேரில் 2 பேர்கூடத் தேறுவதில்லை.

என்னென்ன சோதனைகள்?

எளியது மலப் பரிசோதனை. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் மலத்தில் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இப்போது பரவலாக இருப்பது 'ஃபிட்' என்ற முறை. மனித ரத்தத்தை மட்டுமே அது அடையாளம் காணும் என்பதால் பத்தியம் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை செய்வது நல்லது. ஒருமுறை தவறவிட்ட கட்டி அடுத்த முறை சிக்கலாம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 46,000க்கும் மேற்பட்டோரிடம் பழைய வகை மலப் பரிசோதனையை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆண்டுதோறும் சோதித்துக்கொண்டவர்களிடம் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 1993இல் அதன் முடிவு வெளியானது.

ஃபிட் சோதனையில் ரத்தம் இருப்பதாக வந்தால் புற்றுநோய் என்று பொருளில்லை. பெரும்பாலோருக்கு அப்படி இருக்காது. ஆனால் அடுத்து கொலனோஸ்கோப்பி செய்தே ஆக வேண்டும். 'இன்னொரு தடவை ஃபிட் எடுத்துப் பார்ப்போம்' என்று தள்ளிப்போடக் கூடாது.

கொலனோஸ்கோப்பியில் கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கிறார்கள். பாலிப் இருந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள். குழாயை விட்டுப் பார்ப்பதைவிட முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்வதுதான் சிரமம். திட உணவு கூடாது. இளநீர், தெளிந்த ரசம் போன்றவை மட்டும். மருந்துப் பொடியைச் சில லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பலமுறை கழிப்பறைக்குப் போக வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் மிச்சமிருக்கும் கழிவு பாலிப்பை மறைத்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் சர்க்கரை நோயாளிகளும் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மயக்க மருந்து தருவதால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும். குடலில் துளை விழும் ஆபத்து உண்டு, ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த சோதனை 10 ஆண்டுகள் கழித்துத்தான்.

யார், எப்போது?

குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லாதவர்களுக்கு 50 வயதில் தொடங்கலாம் என்றுதான் அமெரிக்காவில் சொல்லி வந்தார்கள். இளவயதினரிடம் நோய் கூடியதால் 2021இல் அங்குள்ள நிபுணர் குழு அதை 45 ஆகக் குறைத்தது. 'பிளாக் பேந்தர்' படத்தின் நாயகன் சாட்விக் போஸ்மன் 2020இல் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 43தான். இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகனுக்கு 1985இல், 74 வயதில், கொலனோஸ்கோப்பியில் புற்றுக்கட்டி தெரிந்தது. பரவுவதற்குள் அறுவை சிகிச்சை செய்தார்கள். 2004 வரை வாழ்ந்தார்.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்கு 10 ஆண்டுகள் முன்பாக, இரண்டில் எது முந்தியதோ அப்போது தொடங்க வேண்டும். அண்ணனுக்கு 42இல் வந்தது என்றால் தம்பிக்கு 32இல் சோதனை.

அறிகுறி இருந்தால் வயதுக் கணக்கே வேண்டாம்

மலத்தில் ரத்தம், சில வாரங்களாக நீடிக்கும் மலச்சிக்கலோ வயிற்றுப்போக்கோ, போய் வந்த பிறகும் இன்னும் மீதம் இருப்பது போன்ற உணர்வு, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை இருந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: ரத்தசோகை. குடலின் வலப்பக்கக் கட்டியிலிருந்து கசியும் ரத்தம் மலத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். களைப்பும் மூச்சிரைப்பும் மட்டும்தான் வெளியே தெரியும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை வந்தால், மாத்திரையோடு விட்டுவிடாமல் ரத்தம் எங்கே போகிறது என்று தேடச் சொல்லுங்கள்.

குடலைப் பேணுவது

பேதிக்கு எடுத்து வயிற்றைச் சுத்தம் செய்துவிட்டால் குடல் நோய் அண்டாது என்று நம்புபவர்கள் உண்டு. விளக்கெண்ணெய் கழிவை வெளியேற்றும், பாலிப்பை வெளியேற்றாது. கீரை, காய்கறி, பழம், பயறு, தீட்டாத தானியம் ஆகியவற்றின் நார்ச்சத்து குடலுக்கு நல்லது. சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. மது, புகை, பருமன், உடலுழைப்பின்மை நான்கும் ஆபத்தைக் கூட்டுகின்றன. நல்ல உணவும் நடைப்பயிற்சியும் ஆபத்தைக் குறைக்கும், ஆனால் பரிசோதனைக்கு ஈடாகாது.

சிங்கப்பூரில் 50 வயதைக் கடந்த குடிமக்களுக்கு ஃபிட் சோதனைப் பெட்டி இலவசமாகக் கிடைக்கிறது. பிரிட்டனில் தபாலிலேயே வீட்டுக்கு வருகிறது. அங்கே இருக்கும் நம் உறவினர்கள் அதைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட வேண்டாம். இந்தியாவில் அரசின் பொதுப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களைத்தான் தேடுகிறது. குடலுக்கு நாமாகக் கேட்டால்தான் உண்டு. 45 வயதைத் தாண்டியவர்கள் அடுத்த முறை சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ரத்தம் கொடுக்கப் போகும்போது, மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்துக்கான சோதனையைப் பற்றியும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கூச்சப்பட வேண்டிய கேள்வி அல்ல அது.