கைப்பொருள் சிறிதாயினும் படம் எடுக்கலாமா?

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பெற்றோர் சற்றுக் கலக்கத்துடன் எழுப்பும் வினா ஒன்று உண்டு. பொறியியலோ கணக்கியலோ படித்து முடித்த மகனோ மகளோ ஒருநாள், "நான் திரைப்படம் எடுக்கப் போகிறேன்" என்று கூறினால் என் செய்வது? சொந்த ஊரை விட்டு வந்து, வாடகை வீட்டில் சிக்கனமாக வாழ்ந்து சேர்த்த பொருளை இந்த ஆசைக்குக் கொடுப்பதா, மறுப்பதா? "வேண்டாம்" என்று அதட்டுவதும் எளிது. "உன் விருப்பம்" என்று கைகழுவுவதும் எளிது. இரண்டும் அப்பிள்ளைக்கு உதவா. சிறு முதலில் படம் எடுத்தவர்கள் அத்தொழிலை எவ்வாறு கற்றனர், பணத்திற்கு என்ன வழி கண்டனர் என்பவற்றை அறிந்துகொண்டு பேசுவதே முறை எனக் கருதுகிறோம்.

இத்துறையில் யாவரும் முதலில் எடுத்துக்காட்டும் பெயர் சத்யஜித் ராய். 1943-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய் சம்பளத்திற்கு ஓவியராகச் சேர்ந்தவர் அவர். சினிமாவை அவருக்கு எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. ஏதேனும் ஒரு நாவல் படமாக வரப்போகிறது என்று செய்தி வந்தால், அந்நாவலுக்குத் தாமே ஒரு திரைக்கதை எழுதி வைத்துக்கொள்வார்; படம் வெளிவந்ததும் போய்ப் பார்த்து, இரண்டையும் ஒப்பிடுவார். காகிதம், பென்சில், ஒரு டிக்கெட் ஆகியவற்றுக்கு மேல் இப்பயிற்சிக்குச் செலவில்லை. இதைவிடச் சிறந்த பாடமுறை இன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. 1947-இல் நண்பர்களுடன் கூடிக் கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். 1949-இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' என்னும் படத்திற்காக வங்காளம் வந்தபோது, அவருக்கு இடங்களைச் சுற்றிக் காட்டினார். அடுத்த ஆண்டு அலுவல் நிமித்தம் லண்டன் சென்றபோது, ஏறத்தாழ ஆறு மாதத்தில் நூறு படங்கள் அளவில் பார்த்துத் தள்ளினார்.

அவருடைய ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவின் கதை இன்னும் வியப்புக்குரியது. 'தி ரிவர்' படப்பிடிப்பை ஓர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த இளைஞர் அவர். எங்கே விளக்கு வைத்தனர், எங்கே காமிரா வைத்தனர் என்று படம் வரைந்து குறித்துக்கொண்டார். 'பதேர் பாஞ்சாலி'க்கு ஒளிப்பதிவாளராக அமர்ந்தபோது அவருக்கு வயது 21. அதற்கு முன் அவர் சினிமாக் காமிராவை இயக்கியதே இல்லை.

அப்படத்தின் முதல்நாள் படப்பிடிப்பு 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 27 அன்று நடந்தது. வெண்ணிற நாணற்பூக்கள் பூத்த வெளியில் இரு குழந்தைகளை வைத்துப் பாதிக் காட்சியை எடுத்தனர். அடுத்த ஞாயிறன்று மீதியை எடுக்கச் சென்றபோது, பூக்கள் யாவற்றையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! அப்பூ மீண்டும் பூக்க ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. விடுமுறை நாளில் மட்டும் படம் எடுப்போர்க்கு இத்தகைய இடையூறுகள் நேரவே செய்யும். வாடகைக்கு ஆட்களையும் அரங்கையும் அமர்த்த வசதியுள்ளோர் மறுநாளே போயிருப்பர்.

பணத்தின் கதை இதனினும் கடியது. ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் மீது கடன் பெற்றார். மனைவியார் விஜயாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. அவையும் தீர்ந்து, படம் பல மாதங்கள் நின்றுபோயிற்று. இறுதியில் மேற்கு வங்க அரசு பொருளுதவி செய்தது. படத்தின் பெயரில் 'பாதை' இருந்தமையால், அத்தொகை அரசுக் கணக்கில் சாலை மேம்பாட்டின் கீழ் எழுதப்பட்டது! 1955-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் வெளிவந்த அப்படம், 1956-இல் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றதை யாவரும் அறிவர்.

யாவரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. பெற்றோர் கவனிக்க வேண்டியதும் அதுவே. படம் வெளிவரும் வரையில் ராய் தம் அலுவலக வேலையை விடவில்லை. அவர் வீட்டில் மாதந்தோறும் அடுப்பு எரிந்தது அச்சம்பளத்தால்தான். வேலையை உதறிவிட்டு வந்தால்தான் கலை கைகூடும் என்று நம் இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். அதற்கு ராயைச் சான்று காட்டுவது பொருந்தாது.

"அது அந்தக் காலம்" என்போர்க்கு அண்மைய சான்று ஒன்று கூறுவோம். அஸ்ஸாமியக் கிராமம் ஒன்றிலிருந்து நடிப்பு வாய்ப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்த ரிமா தாஸ் என்னும் பெண்மணிக்கு, அம்மாநகரில் எண்ணிய வாய்ப்புகள் கிட்டவில்லை. உலகப் படங்களைப் பார்த்துப் பார்த்துத் தாமாகவே கலையைக் கற்றார். பின்னர் தம் கிராமத்திற்கே திரும்பி, அவ்வூர்ப் பிள்ளைகளையே நடிக்க வைத்து, கையில் பிடித்த டிஜிட்டல் காமிராவுடன் சில ஆண்டுக் காலம் சிறுகச் சிறுக எடுத்த படம் 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்'. கித்தார் ஒன்று வேண்டும் என ஏங்கும் சிறுமியின் கதை அது. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு யாவும் அவரே. ஒலிப்பதிவுக்கு உறவுப் பெண் ஒருவர். 2018-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் இந்தியாவின் சிறந்த படமாக அது தேர்வாயிற்று. படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, குழந்தை நட்சத்திரம் ஆகியவற்றுக்கும் பரிசுகள் வந்தன. அஸ்ஸாமின் வெள்ளம் ஆண்டுதோறும் வரும். அதைச் செயற்கையாக உண்டாக்க எந்தப் பெரிய நிறுவனத்தாலும் இயலாது. அவ்வூரிலேயே இருந்தவர்க்கு அது செலவின்றிக் கிட்டியது.

தமிழிலும் இதற்கு உடன்பிறப்பு உண்டு. சென்னையில் டி.வி.டி. விற்கும் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படங்களைக் கண்டு பயின்ற பி. எஸ். வினோத்ராஜ், மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் எடுத்த 'கூழாங்கல்', 2021-இல் ராட்டர்டாம் விழாவின் உயர்ந்த பரிசாகிய புலி விருதை வென்றது.

இனிச் செலவைப் பார்ப்போம். காமிரா இன்று பெருஞ்செலவன்று. ராய் காலத்தில் பிலிம் சுருளின் ஒவ்வோர் அடிக்கும் காசு. இன்று பிள்ளையின் சட்டைப்பையில் உள்ள தொலைபேசியே போதிய அளவு படம் பிடிக்கும். குறையாத செலவுகள் வேறு: உடன் உழைப்போர்க்குச் சோறு, போக்குவரத்து, ஒலி. புதியவர் படங்கள் பெரும்பாலும் கெடுவது ஒலியில்தான். காமிராவிலேயே உள்ள ஒலிவாங்கி, நடிகரின் குரலோடு தெருவின் இரைச்சலையும் மின்விசிறியின் ஓசையையும் சேர்த்தே வாங்கிவிடும். குரலுக்கு அருகில் தனி ஒலிவாங்கி வேண்டும்; மின்விசிறியை நிறுத்த வேண்டும்; ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாத அமைதியை அரை நிமிடமேனும் பதிந்துகொள்ள வேண்டும். பின்னர் வெட்டி ஒட்டும் இடங்களில் அந்த அமைதிதான் ஒட்டுத்துணி. பிள்ளை கேட்பது புதிய காமிரா எனில், பெற்றோர் முதலில் ஒலிவாங்கி ஒன்று வாங்கித் தருவது நலம். மற்றுமொன்று: காட்சியின் பின்னணியில் வானொலிப் பாட்டு ஒலித்தால் அதன் உரிமையாளரிடம் அனுமதி பெற வேண்டும், அக்கட்டணம் சில வேளை படச்செலவையே விழுங்கிவிடும்.

முறையாகப் பயில விரும்புவோர்க்கு, பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960-இல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரி உண்டு. கல்கத்தாவில் ராய் பெயரிலேயே 1995 முதல் மற்றொன்று. இடங்கள் சிலவே, நுழைவுத் தேர்வு கடினம். புனேயில் ஒளிப்பதிவு பயின்ற, இலங்கையில் பிறந்த தமிழர் பாலு மகேந்திராவை இங்கு நினைக்கிறோம். அவர் முதலில் காமிரா பிடித்தது மலையாளத்தில். முதலில் இயக்கியது கன்னடத்தில், 'கோகிலா', 1977. தமிழில் 'அழியாத கோலங்கள்' வந்தது அதன் பின்னரே, 1979-இல். நாக்பூரிலோ பெங்களூரிலோ வளரும் நம் பிள்ளை அவ்வூர் மொழியில் முதல் படம் எடுத்தால் நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு நம் கருத்தைக் கேட்டால், பத்து நிமிடப் படம் ஒன்றை முடிக்கும் அளவு கொடுக்கலாம். வீட்டுப் பத்திரத்தைத் தொட வேண்டாம். அப்பத்து நிமிடத்தை ஒலியும் தொகுப்பும் உட்பட முடித்து நான்கு பேருக்குக் காட்டிய பிள்ளைக்கு, அடுத்த படத்திற்கு வேறு துணைகளும் கிட்டக்கூடும். முடிக்காமல் கைவிட்டால் நட்டமும் சிறிது.

பொருள் திரட்டுவதிலும் ஒரு புதுமை நடந்திருக்கிறது. தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், 1984-இல் நண்பர்களுடன் கேரளத்தில் 'ஒடெஸா' என்னும் குழுவைத் தொடங்கினார். ஊர் ஊராகச் சென்று சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டு, பார்த்தவர்களிடம் இயன்றதைப் பெற்று, அப்பணத்தில் 1986-இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தனர். முடிந்த படத்தையும் அவ்வாறே ஊர்களுக்கு எடுத்துச் சென்று காட்டினர். பொங்கல் நாடகத்திற்கு மேடையும் நாற்காலிகளும் வைத்திருக்கும் நம் சங்கங்கள், ஞாயிறு மாலை இரண்டு மணி நேரத்தை இளைஞர் எடுத்த குறும்படங்களுக்கு ஒதுக்கலாமே! திரையரங்குகளுக்கென்று எடுக்கும் படத்திற்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்பதையும் அந்த இளைஞர்களுக்கு அங்கேயே சொல்லி வைக்கலாம்.