பொங்கிய இட்லி மாவு குற்றாலம் போய்ச் சேர்வதற்குள் அமுங்கிப் போவது ஏன்?

சீசனுக்குக் குற்றாலத்தில் அறை எடுப்பவர்கள் பலர் வீட்டிலிருந்தே மாவு கொண்டுபோகிறார்கள். தென்காசி தாண்டி மூடியைத் திறந்து பாருங்கள். தூக்கின் உள்சுவரில் மாவு ஏறி நின்ற வெள்ளைக் கோடு மேலே இருக்கும். மாவு இரண்டு விரல் கீழே கிடக்கும். கெட்டுவிட்டதா?

இல்லை. உளுந்தோடு வந்த நுண்ணுயிரிகள்தான் மாவைப் புளிக்கவைக்கின்றன. அவற்றில் லூக்கோனாஸ்டாக் என்பது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று, புளிப்பையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளிவிடுகிறது. உளுந்தின் புரதமும் கொழகொழப்பும் அந்த வாயுவைச் சிறு குமிழ்களாகப் பிடித்துவைக்கின்றன.

ஒரு கோணி நிறைய ஊதிய பலூன்களை பஸ்ஸில் ஏற்றினால் என்ன ஆகும்? ஒவ்வொரு குலுக்கலிலும் சில உடையும், கோணி தொய்யும். மாவிலும் அதேதான். குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, மேலேறி உடைகின்றன.

வெளியேறியது வாயு மட்டுமே. நுண்ணுயிரிகள் குலுக்கலுக்கு அஞ்சுவதில்லை. வீட்டில் பீர் காய்ச்சும் வெளிநாட்டினருக்கும் இதே கவலை உண்டு. பாதியில் கலனை நகர்த்தினால் நுரை பொங்கும், அடிவண்டல் கலங்கும். ஈஸ்ட் வேலையை நிறுத்தாது.

ஆகவே அரைத்த கையோடு கிளம்புங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடியை இறுக்கினால் வாயு முட்டிக்கொண்டு நிற்கும். சாரலில் குளிர்ந்த குற்றாலத்தில் மாவு பொங்கக் கூடுதல் நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள்.

முழுக்கப் புளித்தபின் அமுங்கிய மாவு மறுபடி அவ்வளவாக எழாது. அதைத் தோசைக்கல்லில் ஊற்றுங்கள்.