விலை ஏறும், வேலை திரும்புமா?

அமெரிக்காவில் ஒரு கம்பெனி பலரை ஒன்றாக வேலையை விட்டு அனுப்பும்போது, பிரிவுத் தொகையைத் தந்து 'வயதைக் காட்டி வழக்குப் போட மாட்டேன்' என்று கையெழுத்துக் கேட்டால், நாற்பது வயதைத் தொட்டவர்களுக்கு ஒரு பட்டியலும் தர வேண்டும். இது சட்டம். பட்டியலில் பெயர்கள் இருக்காது. பதவி, வயது, போகிறவர் எத்தனை, தங்குகிறவர் எத்தனை, அவ்வளவுதான். 'சீனியர் ஜியாலஜிஸ்ட், வயது 52, போகிறவர் 1, தங்குகிறவர் 0' என்பது போல வரிவரியாக ஓடும். டெக்சாஸின் எண்ணெய்த் தலைநகரான ஹூஸ்டனில் வேலை இழந்தவர்கள் இரவில் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துப் படிக்கும் தாள் இதுதான். தன் வரி எது, பக்கத்து அறைக்காரர் வரி எது என்று தேடத் தேட ஆத்திரம் ஏறும்.

அந்த ஆத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. யோசிக்க 45 நாள் அவகாசம் உண்டு. போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். அதற்குள் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது. வேலை போன முதல் வாரத்தில் செய்ய வேண்டிய காரியம் இது. அடுத்த காரியம் இன்னும் கடினமானது: திரும்பக் கூப்பிடுவார்கள் என்ற நினைப்பை விடுவது.

பழைய கணக்கு செல்லாது

ஹூஸ்டனுக்கு லே-ஆஃப் புதிதல்ல. 1986-ல் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களுக்குள் பாதிக்கும் கீழே போனது. 1980-களின் அந்தச் சரிவில் நகரம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகளை இழந்தது. 2014-ன் நடுவில் 100 டாலருக்கு மேல் விற்ற பீப்பாய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே வந்தது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை மைனஸ் 37.63 டாலர். அதாவது, வாங்கிக்கொள்பவருக்கு விற்பவர் பணம் தர வேண்டிய நிலை. ஒவ்வொரு முறையும் மூத்தவர்கள் சொன்ன ஆறுதல் ஒன்றே: "கொஞ்சம் பொறு, விலை ஏறினால் ஆள் தேவைப்படும்."

அந்த ஆறுதல் இன்று பலிப்பதில்லை. 2014-ல் அமெரிக்கா நாளொன்றுக்குச் சராசரியாக 88 லட்சம் பீப்பாய் எடுத்தது. 2023-ல் ஒரு கோடியே 29 லட்சம். எண்ணெய் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. ஆனால் 2014-ன் உச்சத்தில் இருந்த வேலைகளின் எண்ணிக்கை திரும்பவில்லை. 2014 அக்டோபரில் 1,600-ஐத் தாண்டியிருந்த எண்ணெய் ரிக்குகள் (கிணறு துளையிடும் இயந்திரங்கள்), 2023 முடிவில் சுமார் 500.

காரணம் துளையிடும் முறையிலேயே இருக்கிறது. இப்போது ஒரே இடத்தில் நிற்கும் ரிக், சில அடிகள் நகர்ந்து நகர்ந்து அடுத்தடுத்த கிணறுகளைத் தோண்டிவிடுகிறது. ஒவ்வொரு கிணறும் பூமிக்கடியில் கிடைமட்டமாக இரண்டு மைல், மூன்று மைல் போகிறது. மேற்கு டெக்சாஸின் மிட்லண்டில் சுழலும் துளைமுனைக்கு, பல நூறு மைல் தள்ளி ஹூஸ்டனில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவர் வழி காட்டுகிறார். முன்பு பல ரிக்குகளும் அவற்றின் ஆட்களும் செய்ததை இன்று அதைவிடக் குறைவான ஆட்கள் முடிக்கிறார்கள்.

இதோடு கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்குவதும் சேர்ந்துகொண்டது. இரண்டு கம்பெனி ஒன்றானால் இரண்டு கணக்குப் பிரிவு எதற்கு? 2026 முடிவுக்குள் 20 சதவீதம் வரை ஆட்களைக் குறைக்கப்போவதாக எண்ணெய் நிறுவனமான செவ்ரான் 2025 பிப்ரவரியில் அறிவித்தது. இன்னொரு எண்ணெய் நிறுவனமான கொனோகோ பிலிப்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் 20 முதல் 25 சதவீதம் என்றது. அப்போது 2020 போல விலை அதலபாதாளத்தில் இல்லை. விலை விழுந்ததால் போன வேலை, விலை ஏறினால் வரக்கூடும். ஆளே தேவையில்லை என்பதால் போன வேலை எப்படி வரும்?

அறுபது நாள்

ஹூஸ்டனைச் சுற்றியுள்ள சுகர்லேண்ட், கேட்டி, பேர்லேண்ட் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக இருக்கின்றன. பேர்லேண்டில் மீனாட்சி கோயிலே இருக்கிறது. இங்கே எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், பொதுவாக 60 நாள்தான். அதற்குள் வேறொரு நிறுவனம் அவருக்காக மனுப் போட வேண்டும், அல்லது அவர் வேறு விசா நிலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். பிள்ளைகள் ஆண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருப்பார்கள், வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும். நாள்கணக்கு அதற்கெல்லாம் நிற்காது. கடைசி வேலை நாள் எது என்பதை எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவதும், அன்றே குடியேற்ற வழக்கறிஞரைப் பார்ப்பதும் இவர்களுக்கு முதல் வேலை.

மருத்துவ இன்ஷூரன்ஸ் இன்னொரு அடி. கோப்ரா சட்டப்படி கம்பெனியின் இன்ஷூரன்ஸை 18 மாதம் வரை தொடரலாம். ஆனால் அதுவரை கம்பெனி கட்டிய பங்கும் இனி நம் தலையில். மேலே 2 சதவீதக் கட்டணமும் கேட்கலாம். அரசு இன்ஷூரன்ஸ் சந்தையில் வேறு பாலிசி எடுக்க வேலை போனவருக்கு 60 நாள் தனி வாய்ப்பு உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். டெக்சாஸில் வேலையின்மை உதவித்தொகை அதிகபட்சம் 26 வாரம். அதை வாங்கக் கூச்சப்படுவதில் அர்த்தமில்லை.

இவ்வளவும் ஆபீஸ்காரர்கள் பாடு. ரிக்கில் ஒப்பந்தக் கூலியாக நின்றவருக்குப் பிரிவுத் தொகையும் இராது, பட்டியலும் வராது. ஓவர்டைம் சம்பளத்தை நம்பி வாங்கிய பிக்-அப் வண்டியின் தவணை மட்டும் மாதாமாதம் வரும்.

எண்ணெய் போனாலும் தொழில் போகாது

சுரங்க நிறுவனமான பி.எச்.பி.யில் துளையிடும் என்ஜினீயராக இருந்த டிம் லாட்டிமர், 2017-ல் இன்னொருவருடன் சேர்ந்து ஃபெர்வோ எனர்ஜியைத் தொடங்கினார். ஷேல் பாறை எண்ணெய்க்காக வளர்ந்த அதே கிடைமட்டத் துளையிடும் முறையைக் கொண்டு, சுடுபாறைக்குள் தண்ணீரை ஓடவிட்டு மின்சாரம் எடுக்கும் நிறுவனம் இது. 2023-ல் இதன் நெவாடா திட்டம் மின்கட்டமைப்புக்கு மின்சாரம் தந்தது. இப்போது யூட்டாவில் பெரிய திட்டம் எழுகிறது. ரிக் அதே, துளையிடும்போது விடும் சேறு அதே, துளைமுனை அதே. கிடைப்பதுதான் எண்ணெய்க்குப் பதில் வெப்பம்.

வேலை இழந்த எல்லோரையும் இத்துறை தாங்காது. அதற்கு அது இன்னும் சின்னது. ஆனாலும் இது காட்டும் வழி மற்றவர்களுக்கும் பொருந்தும். "பெர்மியனில் 14 கிணறு முடித்தேன்" என்ற ரெஸ்யூமே எண்ணெய்க்காரருக்கு மட்டுமே புரியும். "பல கோடி டாலர் வேலையை, பத்து ஒப்பந்தக்காரர்களை வைத்து, விபத்தில்லாமல், தேதிக்குள் முடித்தேன்" என்று எழுதினால் ரசாயன ஆலைக்கும், டேட்டா சென்டர் கட்டுபவருக்கும், ஹூஸ்டனின் மாபெரும் மருத்துவமனை வளாகத்துக்கும் புரியும். டெக்சாஸில் என்ஜினீயர்கள் மாற்றுவழிச் சான்றிதழ் பெற்றுக் கணக்கு ஆசிரியர் ஆகவும் வழியிருக்கிறது. பெரும்பாலும் சம்பளம் குறையும் என்பதை மறைப்பதற்கில்லை. குறைந்த சம்பளத்துக்கு வீட்டுச் செலவைப் பழக்குவதற்கு ஏற்ற நேரம், பிரிவுத் தொகை கையில் இருக்கும்போதுதான். அது கரைந்த பிறகல்ல.

இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2001-ல் ஹூஸ்டனின் என்ரான் திவாலானபோது ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு வேலையும் போனது, ஓய்வுக்காலச் சேமிப்பும் போனது. சேமிப்பில் பெரும்பகுதி அதே கம்பெனியின் பங்குகளாக இருந்ததுதான் காரணம். சம்பளம் தரும் இடத்திலேயே சேமிப்பையும் முடக்காதீர்கள். போனஸை நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள். ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கட்டும்.

உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இப்படி வேலை போனால், "விலை ஏறட்டும், கூப்பிடுவார்கள்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். வேறு துறையில் ஆள் எடுக்கும் ஒருவரின் போன் நம்பரைக் கொடுங்கள்.