சாக்ஸபோனில் நாதம் கனிய

சாக்ஸபோன் பழகி ஆறு மாதமாகியும் ஒலி கரகரக்கிறதா? வாத்தியத்தை மாற்ற அவசரப்படாதீர்கள். உடல் பித்தளைதான், ஆனால் ஒலி பிறப்பது மவுத்பீஸில் கட்டிய நாணல் ரீடில். நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, இதற்கு ரீட் அப்படி. அதை அசைப்பது மூச்சு, அடக்குவது உதடு. திருத்தத்தையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

மூச்சு: தினமும் முதல் 15 நிமிடம் பாட்டு வேண்டாம். ஸ்ருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு ஒரே ஸ்வரத்தை நீளமாக ஊதுங்கள். மெல்லத் தொடங்கி, பெருக்கி, மீண்டும் மெலிய வையுங்கள். ஸ்ருதி அசையக் கூடாது. பாடகர்களின் அகார சாதகம் போன்றது இது.

உதடு: மேல்பல் மவுத்பீஸின் மேல் அமரட்டும், கீழுதடு கீழ்ப்பல்லை லேசாக மூடட்டும். கடித்தால் ஒலி மெலியும், ஸ்ருதி ஏறும். ஆல்டோ என்றால் மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதி, ஸ்ருதி காட்டும் செயலியில் பாருங்கள். சுமார் 880 ஹெர்ட்ஸ் வந்தால் நல்லது. வெகுவாக மேலே போனால் கடிக்கிறீர்கள்.

தொண்டை: எல்லாத் துளைகளையும் மூடி, அடி ஸ்வரமான பி ஃப்ளாட்டை ஊதுங்கள். அதை ஸட்ஜமாகக் கொண்டு, விரலை அசைக்காமல் மேல் ஸட்ஜத்தையும், அதற்கும் மேலுள்ள பஞ்சமத்தையும் வரவழையுங்கள். நாக்கும் தொண்டையும் தம் இடத்தைக் கண்டுகொள்ளும். வாரங்கள் ஆகும், ஆனால் ஒலிக்குக் கனம் வருவது இதில்தான்.

ரீட்: எண் அதன் விறைப்பைக் குறிக்கிறது, தரத்தை அல்ல. புதியவருக்கு 2 அல்லது 2½ போதும். ஒரே பெட்டியிலும் இரண்டு ரீட் ஒன்றுபோல் ஊதாது. மூன்று நான்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஊதுமுன் நனைத்து, முடிந்ததும் துடைத்து உறையில் வையுங்கள். நுனி பிளந்ததைத் தூக்கிப் போடுங்கள்.

மவுத்பீஸ்: நுனித் திறப்பு அகன்றால் மூச்சும் கட்டுப்பாடும் அதிகம் வேண்டும். யமஹா 4சி போன்ற அளவான திறப்பில் தொடங்குங்கள்.

வாத்தியம்: கீழ் ஸ்வரங்கள் மட்டும் தடுமாறினால் பேட் வழியே காற்று கசியலாம். பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். கசிவை எந்தச் சாதகமும் சரிசெய்யாது.

காதும் பழக வேண்டும். நாகஸ்வரக் கலைஞரின் மகனான கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, கர்நாடக இசையை அதில் கொண்டுவந்தவர். அவர் ஒரு ஸ்வரத்தில் நிற்பதைக் கேளுங்கள். பிறகு உங்கள் ஸ்வரத்தைக் கைப்பேசியில் பதியுங்கள். வாரம் ஒரு பதிவு போதும். நாதம் கனிவதை நீங்களே கேட்பீர்கள்.